பார்த்துவிட்டுப் போனவரும் தங்கிவிட்டவரும்

புதுப்பட்டினம் கடைத்தெருவுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போனால், ஒரே காய்கறிக் கடை வாசலில் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் காதில் விழும். சென்னையிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், கல்பாக்கம் அணுசக்தி நகரியத்தை ஒட்டி இருக்கும் ஊர் இது. 1971-ல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-ல் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. இந்த வேலைகளுக்காக நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். நாலு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து, ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டவர்கள் உண்டு. ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்ப மனம் இல்லாமல் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அந்தக் காய்கறிக் கடையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் போதும். வங்காளத்து அம்மாள் ஒருவர் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, "முத்தலா இருக்கே அண்ணா" என்கிறார். கடைக்காரர் "தாஜா ஆச்சே, தீதி" என்று பதில் சொல்கிறார். காசு கைமாறியதும் அவர் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் போடுகிறார். "கொத்தமல்லி?" என்று அந்த அம்மாள் கொசுறுக்கு மேல் கொசுறு கேட்கிறார். சிரித்துக்கொண்டே அதையும் போடுகிறார். அவர் இவர் பேச்சில் பேசுகிறார், இவர் அவர் பேச்சில் பேசுகிறார். இது ஒரே நாளில் வந்திருக்காது.

இங்கிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம். 1984-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் அதைக் கையால் தாங்குவது போல ஒரு படம், வறுத்த மீன், சங்கு மாலை, திரும்பப் பேருந்து. பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வகைப் பயணிகள் இருக்கிறார்கள்: பார்த்துவிட்டுப் போகிறவர், வந்து தங்கிவிட்டவர். பயணம் மனத்தை விரிக்கும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எந்தப் பயணம் விரிக்கும், எதை விரிக்கும், எவ்வளவு நாள் அது தாங்கும் என்று உளவியலாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கடற்கரையைப் பார்த்தால், நாம் சுற்றுலா போகிற முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் குணம் மாறுமா என்ற கேள்வி. ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளப்பது இன்று உளவியலில் பரவலான முறை. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, பிறரோடு இணங்கும் தன்மை, மனப்பதற்றம் ஆகியவை அந்த ஐந்து. இருபத்தைந்து, முப்பது வயதுக்கு மேல் இவை மெதுவாகத்தான் மாறும். 'பிறவிக் குணம்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை.

ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா சிம்மர்மன், ஃபிரான்ஸ் நையர் இருவரும் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் கல்லூரி மாணவர்களின் ஐந்து பண்புகளையும் அவர்கள் அளந்தார்கள். சிலர் ஒரு பருவத்துக்கும் சிலர் ஓர் ஆண்டுக்கும் வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள்; மற்றவர்கள் ஊரிலேயே இருக்கப் போகிறவர்கள். புறப்படும் முன்பே ஒரு முறை அளந்ததுதான் இந்த ஆய்வின் சிறப்பு. ஏனென்றால், பயணம் போய்வந்தவர் திறந்த மனத்தோடு இருக்கிறார் என்றால் அது பயணம் தந்த குணமா, அந்தக் குணம் இருந்ததால்தான் அவர் கிளம்பினாரா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். சந்தேகம் சரிதான் என்று தெரிந்தது. கிளம்பியவர்கள் முன்பே கலகலப்பு கூடியவர்களாக இருந்தார்கள். ஓர் ஆண்டுக்குப் போகத் துணிந்தவர்களிடம் புதியதை ஏற்கும் மனமும் முன்பே அதிகம். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் மாற்றம் மிச்சம் இருந்தது. போய்வந்தவர்களிடம் புதியதை ஏற்கும் மனமும் இணங்கும் தன்மையும் கூடியிருந்தன. மனப்பதற்றம் குறைந்திருந்தது.

எதனால் என்று தோண்டியபோது கிடைத்த விடைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பார்த்த இடங்களில் காரணம் இல்லை. அங்கே புதிதாகக் கிடைத்த மனிதர்களிடம் இருந்தது. போன நாட்டில் எத்தனை புதிய உறவுகளை ஒருவர் உண்டாக்கிக்கொண்டார் என்பதோடு அவருடைய குணமாற்றம் சேர்ந்தே போனது. புதுப்பட்டினத்துக் காய்கறிக் கடையில் நடப்பதும் இதுதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பால் கடன் கேட்க வேண்டும், பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும், பண்டிகைக்குக் கொடுத்த பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தராமல் ஏதாவது வைத்துத் தர வேண்டும். இத்தனை சின்னச் சின்னக் கட்டாயங்களில்தான் குணம் இளகுகிறது.

இதே திசையில் இன்னொரு சான்று உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, ஓர் அட்டைப் பெட்டி நிறைய குத்தூசிகள் தருகிறார்கள். மெழுகு தரையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். கார்ல் டங்கர் என்ற உளவியலாளர் வடிவமைத்த பழைய சோதனை இது. பலர் மெழுகுவர்த்தியையே ஊசியால் சுவரில் குத்தப் பார்ப்பார்கள். சிலர் மெழுகை உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள். ஊசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி அதற்குள் மெழுகுவர்த்தியை நிறுத்துவதுதான் விடை. ஊசி வைக்கும் பெட்டி என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது தாங்கியாகவும் ஆகும் என்பது கண்ணில் படாது. வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள் இந்தப் புதிரை அதிகமாக அவிழ்த்தார்கள். வெளிநாட்டுக்குச் சுற்றுலா மட்டும் போய்வந்தவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கூடவில்லை. வாழ்ந்தவர்களிலும், அந்த ஊர் வழக்கத்துக்குத் தங்களை எவ்வளவு மாற்றிக்கொண்டார்களோ அவ்வளவுக்கு ஆக்கத்திறன் கூடியிருந்தது.

ஏன் என்று யோசித்தால் புரியும். ஒரே செயலுக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் இருப்பதை அங்கே வாழ்கிறவர்தான் அனுபவிக்கிறார். விருந்தில் இலையில் கொஞ்சம் மிச்சம் வைப்பது ஓர் ஊரில் வயிறு நிறைந்ததற்கு அடையாளம், இன்னோர் ஊரில் சமைத்தவரை அவமதிப்பது. சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு சுவாரசியத் தகவல். அங்கேயே நாளைக்கும் சாப்பிட வேண்டியவருக்கு இது தீர்க்க வேண்டிய சிக்கல். ஒரு பொருளுக்கு ஒரே பயன்தான் என்ற பிடிவாதம் அப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது.

2018-ல் மேடக்ஸ், கலின்ஸ்கி உள்ளிட்ட குழு இன்னும் ஒரு படி போனது. வெளிநாட்டில் வாழ்வது ஒருவருக்குத் தன்னைப் பற்றியே தெளிவு தருகிறதா என்று கேட்டார்கள். தருகிறது என்று விடை வந்தது. எத்தனை நாடு என்பதைவிட எவ்வளவு காலம் என்பதே கணக்கில் நின்றது. சொந்த ஊரில் நாம் செய்வதையே எல்லோரும் செய்வதால், எது என் விருப்பம், எது ஊர் வழக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை. வேறு ஊரில் தங்கும்போது ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டிவருகிறது. விட்டுவிட்டால் வலிப்பது எது, விட்டுவிட்டாலும் ஒன்றும் குறையாதது எது என்று அப்போது தெரிகிறது.

இதற்குப் பெரிய சாட்சி ஒருவர் நம் பக்கமே வந்துபோயிருக்கிறார். சீனப் பயணி யுவான் சுவாங் 629 வாக்கில் நாட்டை விட்டுக் கிளம்பி 645-ல்தான் திரும்பினார். அவர் காஞ்சிக்கு வந்தது சுமார் 640-ல். மாமல்லன் என்ற பட்டம் கொண்ட நரசிம்மவர்மப் பல்லவனின் காலம். மாமல்லபுரத்துக்கு அந்தப் பெயர் வந்தது அந்த அரசனால். யுவான் சுவாங் ஊர் ஊராக ஓடிக்கொண்டே இருந்தவர் அல்லர். நாலந்தாவில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தார், சமஸ்கிருதத்தில் தேர்ந்தார், வாதம் செய்தார். 657 நூல்களைச் சுமந்து திரும்பி, மிச்ச வாழ்நாளை அவற்றை மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். தங்கிப் படித்த ஆண்டுகள் இல்லாவிட்டால் அந்த மொழிபெயர்ப்புகளும் இல்லை.

அப்படியென்றால் ஒரு நாள் பயணத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. அது குணத்தில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க மூளைக்குள் போக வேண்டும்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி உண்டு. புதிய நினைவுகள் உருவாகும் இடம் அது. நாம் எங்கே இருக்கிறோம் என்ற வரைபடம் உருவாவதும் அங்கேதான். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை அங்கே 1971-ல் ஜான் ஓகீஃப் கண்டறிந்தார். அதன் பக்கத்துப் பகுதியில், பரப்பைக் கட்டம் கட்டமாக அளக்கும் அணுக்களை 2005-ல் மே பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரின் குழு கண்டறிந்தது. மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இடமும் நினைவும் மூளையில் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. நமக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வரும்போது அது நடந்த இடமும் கூடவே வருவதற்குக் காரணம் இதுதான்.

புதிய இடத்துக்குப் போனால் இந்தப் பகுதியில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. எடின்பரோ விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு 2016-ல் எலிகளில் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. எலிக்கு உணவு எங்கே புதைந்திருக்கிறது என்று கற்றுக்கொடுத்தார்கள். சாதாரணமாக மறுநாள் அது மறந்துவிடும். கற்றுக்கொண்ட அரைமணியில் அதை ஒரு புதுத் தரையில் உலாவ விட்டால் மறுநாளும் நினைவில் வைத்திருந்தது. புதுமை தன்னை மட்டும் நினைவில் பதித்துக்கொள்வதில்லை. தனக்கு முன்னும் பின்னும் நடந்த சாதாரண விஷயங்களையும் சேர்த்துப் பதிக்கிறது. சின்ன வயதில் போன ஒரு சுற்றுலாவில் ரதத்தைவிட, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தந்த புளியோதரை நன்றாக நினைவிருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

போன இடத்தில் நேரம் பறப்பதும், திரும்பி வந்து நினைத்தால் ரொம்ப நாள் இருந்ததுபோலத் தோன்றுவதும் இதன் தொடர்ச்சி. அங்கே இருக்கும்போது கவனம் எல்லாம் காட்சியில் இருப்பதால் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. பிறகு நினைவில் அளக்கும்போது, எவ்வளவு புதிய நினைவு சேர்ந்ததோ அவ்வளவு நீளமாகக் காலம் தெரிகிறது. ஒரே பேருந்து, ஒரே அலுவலகம் என்று போன ஆறு மாதம் நினைவில் சுருங்கிப்போகிறது.

லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பற்றிய ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நகர மையத்தைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்க முடியும். எலினார் மகுவயர் 2000-ல் அவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிற்பாடு பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார். நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரே தடத்தில் ஓட்டுகிறவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. கிலோமீட்டர் கணக்கு மூளைக்கு உதவுவதில்லை. வழியைத் தானே யோசித்துக் கண்டுபிடிப்பதுதான் உதவுகிறது. கைபேசியில் ஒரு குரல் 'இடது பக்கம் திரும்பவும்' என்று சொல்லச் சொல்லப் போகிறவர், எவ்வளவு தூரம் போனாலும் இந்த விஷயத்தில் பேருந்து ஓட்டுநரைப் போலத்தான்.

இந்தப் பலனைப் பெற விமானம் ஏற வேண்டியதில்லை. ஆரன் ஹெல்லர், கேத்தரின் ஹார்ட்லி குழு நியூயார்க், மயாமி நகரங்களில் இருப்பவர்களின் நடமாட்டத்தைக் கைபேசி வழியாக மூன்று நான்கு மாதங்கள் பின்தொடர்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டது. எந்த நாளில் ஒருவர் பலவித இடங்களுக்குப் போனாரோ அந்த நாளில் அவர் மனம் மகிழ்ச்சியாக இருந்தது. சொந்த ஊருக்குள்ளேயே, வழக்கமில்லாத தெருவில் போனாலும் அந்த விளைவு தெரிந்தது. புதுப்பட்டினத்துக்காரர்களுக்கு இதற்குத் தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் 17-ம் நூற்றாண்டுக் கோட்டை இருக்கிறது. உள்ளே செதுக்கு வேலை செய்த கல்லறைகள் இருக்கின்றன. துணி வாங்கக் கடல் கடந்து வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே மண்ணானவர்கள் அவற்றுக்குள் இருக்கிறார்கள். தெற்கே போனால் பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம். இரண்டையும் பார்க்காமலேயே வளர்ந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பது வருத்தம் தருகிற விஷயம்.

ஒரு நாள் பயணம் தருகிற இன்னொரு கொடை, வியப்பு. பெர்க்லி ஆய்வாளர்கள் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பார்க்க வந்த, 42 நாடுகளைச் சேர்ந்த 1,100-க்கும் மேற்பட்ட பயணிகளிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, தங்களை வரைந்து பக்கத்தில் 'நான்' என்று எழுதச் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கலகலப்பான மீன் துறைமுகக் கடைவீதிக்கு வந்தவர்களிடமும் இதையே கேட்டார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் தங்களைச் சிறிய உருவமாக வரைந்தார்கள். 'நான்' என்ற எழுத்தும் சிறுத்திருந்தது. இது தாழ்வு மனப்பான்மை இல்லை. 'நான்' சுருங்கும்போது பிறரோடு சேர்ந்திருக்கும் உணர்வு கூடுகிறது என்பதே ஆய்வின் முடிவு.

மாமல்லபுரத்தில் அந்த அளவு வியப்பு தரக்கூடியது அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் புடைப்புச் சிற்பம். ஏறத்தாழ 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். முதலில் யானைகள்தான் கண்ணை இழுக்கும். அந்த யானைக்குப் பக்கத்தில், மேலே தவம் செய்கிறவரைப் போலவே முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பூனை நிற்கிறது. அதன் காலடியில் எலிகள். வயிறு ஒட்டிப்போய், எலும்பு தெரிய, தவம் செய்கிறவரைப் பார்த்துவிட்டு இந்தப் பூனைக்கு வரும்போது சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிற்பி தன் உளியை நிறுத்தி இப்படிக் குறும்பாக யோசித்திருக்கிறாரே என்ற நினைப்பும் வரும். ஆனால் அதற்கு அந்தப் பாறை முன்னால் பத்து நிமிஷமாவது நிற்க வேண்டும். பெரும்பாலோர் நிற்பதில்லை. பாறைக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

படம் எடுப்பதால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹென்கல் இதைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்தவை குறைவாக நினைவில் இருந்தன. கருவி பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பை இறக்கி வைத்துவிடுகிறது. ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. நெருக்க வேண்டுமென்றால் முதலில் உற்றுப் பார்க்க வேண்டும் அல்லவா. முழுப் பாறையைப் படம் எடுக்காமல் அந்தப் பூனையை மட்டும் எடுங்கள், நினைவில் நிற்கும்.

இதே கடற்கரைக்கு ஒரு நாள் பயணமாக வந்து பெரிதாக எடுத்துப்போனவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1934-ல் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலான நண்பர்களோடு நிலா வெளிச்சத்தில் பக்கிங்காம் கால்வாயில் படகில் மாமல்லபுரம் வந்தார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அதிலிருந்து பிறந்தது. அந்த நண்பர்களில் ஒருவரான வேங்கடசாமி பின்னாளில் இந்தப் பாறைச் சிற்பத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். கல்கியும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரும் மாமல்லபுரக் கடற்கரையில் நிலா இரவில் உட்கார்ந்திருந்ததைத்தான் 'சிவகாமியின் சபதம்' நாவலின் வித்தாகக் கல்கி குறிப்பிடுகிறார். நாவல் தொடராக வந்தது பல ஆண்டுகள் கழித்து, 1944-லிருந்து. இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு: மெதுவாகப் போனார்கள், உட்கார்ந்தார்கள், கூடவே பேச ஆள் இருந்தது. ஓர் இரவுக்குள்ளும் ஒருவர் தங்க முடியும் என்பதற்கு இவை சான்று.

மகிழ்ச்சி விஷயத்தில் மட்டும் ஆய்வுகள் கொஞ்சம் கறாராக இருக்கின்றன. நெதர்லாந்தில் ஜெரோன் நாவைன் குழு 1,530 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 974 பேர் விடுமுறைக்குப் போனவர்கள். போகிறவர்கள் போவதற்கு முன் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் பெரும்பாலோருக்கு வித்தியாசம் இல்லை. மிக நிம்மதியாக ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் அது தங்கியது. நான்கு நாளில் ஒன்பது ஊர் என்று அட்டவணை போட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போகும் சுற்றுலாக்களை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிறைய ஊர் பார்ப்பதில் நன்மையே இல்லை என்று சொன்னால் அது நேர்மை ஆகாது. பல நாடுகளுக்குப் போனவர்களுக்குப் பொதுவாக மனிதர்கள் மேல் நம்பிக்கை கூடுகிறது என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் எவ்வளவு காலம் என்பதைவிட எத்தனை நாடு என்பதுதான் கணக்கில் நின்றது. ஆனால் அதே அகலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பல நாடுகளில் கால் வைத்தவர்கள், சரி தப்பு எல்லாம் ஊருக்கு ஊர் மாறுவதுதானே என்ற எண்ணத்துக்கு வந்து, சோதனைகளில் ஏமாற்றுவதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் துணிந்தார்கள் என்று ஜாக்சன் லூ குழு 2017-ல் காட்டியது. ஒரே இடத்தில் நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடம் இந்தச் சரிவு தெரியவில்லை.

தங்குவது என்றாலே நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே நான்கு நிபந்தனைகள் சொன்னார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் இருக்க வேண்டும், போட்டியில்லாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், நிர்வாகமும் சட்டமும் அதை ஆதரிக்க வேண்டும். அப்படிப் பழகினால் ஒருவர் மேல் ஒருவருக்குள்ள தப்பெண்ணம் குறையும் என்றார். 2006-ல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 94 சதவீத அளவில் பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைத்திருந்தது. நிபந்தனைகள் நிறைவேறிய இடத்தில் பலன் கூடுதல்.

கல்பாக்கம் நகரியம் ஏறக்குறைய அந்த நான்கு நிபந்தனைகளுக்காகவே கட்டியதுபோல அமைந்துவிட்டது. ஒரே ஆய்வகம், ஒரே பள்ளி, ஒரே ஆஸ்பத்திரி, பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அலை நகரியத்துக்குள்ளும் பக்கத்து மீனவர் குப்பங்களிலும் புகுந்தபோது, எந்த மாநிலத்துக்காரர் என்று அது பார்க்கவில்லை. துக்கமும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது.

அதே கடற்கரைச் சாலையில் கட்டட வேலைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். அவர்களும் வருஷக்கணக்கில் இங்கே இருக்கிறார்கள். தகரக் கொட்டகையில், சொந்த ஊர்க்காரர்களோடு மட்டும், மேஸ்திரியின் அதட்டலைத் தவிர வேறு தமிழ் கேட்காமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் ஒரு சம்பளத் தேதி. இந்த ஊருக்கு அவர்கள் ஒரு முகமில்லாத கூட்டம். காலம் இருக்கிறது, சம நிலை இல்லை, உறவு இல்லை. பயணம் மனத்தை விரிக்கும் என்ற பேச்சு அவர்கள் விஷயத்தில் பொய்யாகிப்போவதற்கு நாமும் பொறுப்பு.

மாமல்லபுரத்தில் சங்கு மாலை விற்கும் பெண்ணுக்கும் வாங்கும் பயணிக்கும் நடுவிலும் சம நிலை கிடையாது. பேரம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கல் செதுக்கும் பட்டறை வாசலில் நிலைமை வேறு. அங்கே பயணி மாணவராகிவிடலாம். எந்தக் கல், எங்கிருந்து வருகிறது, ஒரு விநாயகருக்கு எத்தனை நாள் என்று கேட்டால் சிற்பிகள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். 1957-லிருந்து அரசு சிற்பக் கல்லூரி இயங்கும் ஊர் அது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கைத்தொழில் இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்க்காமல் பழைய பாறைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பாதிப் பயணம்.

பள்ளிச் சுற்றுலாக்களைத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாமல்லபுரம் கூட்டிவரும்போது பட்டியலில் உள்ள இடங்களில் பாதியை அடித்துவிடுங்கள். கைபேசிகளையெல்லாம் பேருந்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தபசின் முன்னால் பிள்ளைகளை அரைமணி நேரம் தரையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரே ஓர் உருவத்தை வரையச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிற்பப் பட்டறைக்குக் கூட்டிப்போய், செதுக்குகிறவரிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை; முன்கூட்டியே ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசினால் போதும்.